வைஃபை வந்ததுலேருந்து பாட்டு நல்லால்லையா? செட்டிநாட்டு வீட்டுக்கு ஒரு ரிப்பேர் வழி

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு இந்தச் சுத்துவட்டாரத்துல வீடு வீடா போயி வைஃபையும் ஆடியோ செட்டும் மாட்டிக் குடுக்குறது என் பொழப்பு. வாரத்துக்கு ரெண்டு போனாவது இதே புகார்தான், "தம்பி, வைஃபை போட்டதுலேருந்து பாட்டு நல்லால்ல". நல்லால்லன்னா எப்படின்னு குடைஞ்சு கேட்டாத்தான் விசயமே வெளிய வரும். ஒரு வீட்டுல நின்னு நின்னு வருது, இன்னொரு வீட்டுல உர்ர்ருனு இரையுது, மூணாவது வீட்டுல வளவு (நடு முத்தம்) முழுக்க கொழகொழன்னு கேக்குது. மூணு பேரும் கைகாட்டுறது ஒரே எடத்ததான், செவுத்துல லைட்டு மின்னிக்கிட்டு கெடக்குற அந்த வெள்ள டப்பா, அதான் ரூட்டர்.

ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. வைஃபைல பாட்டு சின்னச் சின்ன பொட்டலமா வருது, வழியில ஒரு பொட்டலம் கெட்டுப்போனா வாங்குற பக்கம் அத தூக்கிப் போட்டுட்டு திரும்பக் கேட்டு வாங்கிக்கும். நேரத்துக்குள்ள வந்துட்டா அச்சுப் பெசகாம அதே பாட்டு, வரலேன்னா பாட்டு நிக்கும். அவ்ளோதான். "பேஸ் கொறஞ்சிருச்சு", "பாடகர் கொரல் மங்கிருச்சு"ங்குற மாதிரி நடுவாந்தரமா ஒரு நெலம வைஃபைக்குத் தெரியாது. அதனால கட் ஆனா நெட்வொர்க்க பாருங்க, கட் ஆகாம சத்தம் மட்டும் சரியில்லன்னா ரூட்டர தொடாதீங்க. ப்ளூடூத்தும், நெட்ட பாத்து தானா தரத்த எறக்குற ஆப்பும் வேற ரகம், ரெண்டுக்கும் கீழ எழுதியிருக்கேன்.

வேகம் பத்தலையோன்னு சந்தேகம் வரும். சிடி தரத்துல சுருக்காத பாட்டுக்கு நொடிக்கு 1411 கிலோபிட் போதும். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ்னு பெருசா பேசுற பைல சுருக்காமலே அனுப்புனாலும் 4608 கிலோபிட்தான். சிக்னல் சுமாரா இருக்குற வைஃபையே இதவிட பல மடங்கு தாங்கும். நிக்குறதுக்கு காரணம் வேகம் இல்ல, நடுநடுவுல சிக்னல் அறுந்து போறதுதான்.

## எதையும் கழட்டுறதுக்கு முன்னாடி: பென்டிரைவ் டெஸ்ட்

புகார் வந்த அதே பாட்ட பென்டிரைவ்ல போட்டு அதே ஆம்ப்ல (ஸ்பீக்கருக்கு சத்தம் குடுக்குற ஆம்ப்ளிஃபையர்) குத்துங்க, இல்லன்னா போன்ல டவுன்லோடு பண்ணி ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டு ஆக்ஸ் ஒயர் வழியா விடுங்க. சத்த அளவு முன்ன இருந்த அதே அளவுல இருக்கணும், இது ரொம்ப முக்கியம், கொஞ்சம் கூட்டி வச்சா எதக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கும்.

இப்பவும் அதே கொறையா? அப்ப நெட்வொர்க் பாவம், அத விட்டுட்டு "சப்புனு இருக்கு", "உர்ர்ருனு இரையுது" ரெண்டு பகுதிக்கும் நேராப் போங்க. கொறை போயிருச்சா? அடுத்த பகுதியிலேருந்து வரிசையா வாங்க. ஸ்பீக்கர்ல ஒயர் குத்துற ஓட்டையே இல்லன்னா, அத தூக்கிட்டுப் போயி ரூட்டருக்கு பக்கத்துல ஆறடியில வச்சு கேளுங்க, அதுவும் பாதி பதில் சொல்லிரும்.

## பாட்டு நடுவுல நின்னு நின்னு வருது

பத்துக்கு ஏழு வீடு இதுதான்.

எப்ப நிக்குது? ராத்திரி 8 மணிக்கு மேல மட்டும், எந்த ரூம்ல வச்சாலும் நிக்குதுன்னா உங்க வீட்டுக்குள்ள தப்பு இல்ல, வெளிய லைன்ல நெரிசல். ரூட்டர் பக்கத்துலயே நின்னு இன்னொரு போன்ல வீடியோ ஓட்டிப் பாருங்க, அதுவும் சுத்துனா கம்பெனிக்கு போன் போடுங்க. பைபர் டப்பால எல்ஓஎஸ்னு போட்ட லைட்டு செவப்பா எரிஞ்சா நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், கண்ணாடி இழைல வெளிச்சமே வரல, அவங்க ஆள்தான் வரணும். அடுப்படில மைக்ரோவேவ் ஓடுறப்ப மட்டும் நிக்குதுன்னா அது வைஃபையோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைல நடக்குற சண்டை, மைக்ரோவேவும் அதே அலைவரிசைலதான் சூடு பண்ணுது, ஸ்பீக்கர 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துனா தீந்துரும்.

எங்க நிக்குது? ரூட்டர் இருக்குற ரூம்ல ஒழுங்கா ஓடி, ரெண்டாங்கட்டு போனதும் நிக்குதுன்னா தூரமும் செவுருந்தான். நம்ம வீடுக சங்கதிய சொல்லணும்ல. முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. நடுவுல வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு போயிக்கிட்டே இருக்கும். செங்கலும் சுண்ணாம்பும் வச்சு கட்டுன தடிச்ச செவுரு, மேல பல வீட்டுல இரும்பு உத்திரம், செவுத்துல ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. கண்ணாடின்னா சாதாரணமா நெனைக்காதீங்க, பின்னாடி பூசுன வெள்ளிப் பூச்சு வைஃபைக்கு தகர ஷீட்டு மாதிரி. சில வீட்டுல குரங்கு வராம இருக்க வளவுக்கு மேல கம்பி வலை அடிச்சிருப்பாங்க, ஓட்ட சின்னதா இருக்குற வலைன்னா மாடில வச்ச ரூட்டர் சிக்னல் அது வழியா கீழ எறங்கவே எறங்காது.

போன்ல வைஃபை அனலைசர்னு ஒரு இலவச ஆப் போட்டுக்கிட்டு ஸ்பீக்கர் வச்ச எடத்துல நின்னு பாருங்க. சிக்னல் பலத்த மைனஸ் கணக்குல காட்டும். மைனஸ் 50 கிட்ட காட்டுனா பிரமாதம், மைனஸ் 67 வரைக்கும் பாட்டுக்குப் பிரச்சன இல்ல, மைனஸ் 80 காட்டுனா அங்க ஸ்பீக்கர் வச்சு பிரயோஜனம் இல்ல.

காசு செலவில்லாத வேலை. மொதல்ல ரூட்டர எடம் மாத்துங்க. தேவகோட்டை பக்கம் ஒரு வீட்டுல மூணு தடவ ஸ்பீக்கர மாத்தியிருந்தாங்க. போயி பாத்தா கனெக்சன் குடுக்க வந்தவர் பின்தெரு போஸ்ட்டுலேருந்து ஒயர இழுத்து, கிட்ட இருக்குன்னு சாமான் ரூம்லயே டப்பாவ மாட்டிட்டுப் போயிருக்காரு. சுத்தி பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, எனாமல் அடுக்கு, கூரை வரைக்கும். அந்த ரூமுக்குள்ள நின்னா போன்ல நாலு கோடு, வாசப்படிய தாண்டுனா ஒரு கோடு. நான் பண்ணுனது ஒண்ணுமில்ல, டப்பாவ வெளிய எடுத்து வளவு ஓரத்துல தூணுக்குப் பக்கத்துல ஆறடி ஒசரத்துல மாட்டுனேன். வளவு நடுவுல தொறந்த வெளியா இருக்குறதால அங்கேருந்து எல்லா ரூம் வாசலுக்குள்ளயும் சிக்னல் நுழையும், செவுத்த தொளைக்க வேண்டிய வேலை இல்ல. அந்த வீட்டு ஆச்சி, "இதுக்கா தம்பி மூணு ஸ்பீக்கர் வாங்குனோம்"னு கேட்டாங்க, நான் என்னத்த சொல்ல.

அடுத்தது அலைவரிசை. 5 கிகாஹெர்ட்ஸ் கூட்டம் கம்மி, ஆனா செவுரு தாண்டாது. 2.4 செவுரு தாண்டும், ஆனா பக்கத்து வீடு, ப்ளூடூத், வயர்லெஸ் கேமரா எல்லாம் அங்கதான் குடியிருக்கு. ஒரே ரூம்னா 5, செவுரு குறுக்க இருந்தா 2.4. அந்த 2.4ல சேனல் 1, 6, 11 மூணுதான் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது, ஆட்டோல விடாம ஆப்ல காலியா தெரியுற ஒண்ண போடுங்க, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்லயே இருக்கட்டும். இன்னொரு விசயம், ரூட்டர்ல வர்ற "5ஜி"ங்குற பேருக்கும் மொபைல் 5ஜிக்கும் சம்பந்தம் இல்ல, இத தெனம் ரெண்டு பேருக்காவது சொல்லிக்கிட்டிருக்கேன்.

பாட்டு எந்த வழியா போகுது? காஸ்ட் பட்டன அமுக்கி விட்டா ஸ்பீக்கரே நேரா இன்டர்நெட்லேருந்து பாட்ட எடுத்துக்கும், போன் வெறும் ரிமோட்டு. ஆனா ஸ்கிரீன அப்படியே ஸ்பீக்கருக்கோ டிவிக்கோ அனுப்புனா ரூட்டர்லேருந்து போனுக்கு, போன்லேருந்து திரும்ப ரூட்டருக்கு, அங்கேருந்து ஸ்பீக்கருக்குன்னு காத்துல மூணு தாவல். சிக்னல் சுமாரா இருக்குற எடத்துல இது கண்டிப்பா திக்கும். காஸ்ட்ல போட்டு பாத்துட்டு அப்புறம் மத்தத பாருங்க.

காசு செலவாகுற வேலை. இதுக்கெல்லாம் மசியலேன்னா கேபிள். கேட் 6ங்குற லேன் ஒயர் 100 மீட்டர் வரைக்கும் ஓடும், நம்ம வீட்டு நீளத்துக்கு ஏகப்பட்டது. முகப்புலேருந்து ரெண்டாங்கட்டுக்கு உத்திரத்து ஓரமா ஒயர இழுத்து அங்க அக்சஸ் பாயின்ட்னு இன்னொரு வைஃபை டப்பா ஒண்ண வச்சுட்டா பத்து வருசத்துக்கு இந்தப் பேச்சே வராது. ஒயர் இழுக்க மனசு இல்லாதவங்க ரிப்பீட்டர் வாங்குறாங்க. அது வேகத்த பாதியாக்கும், பாட்டுக்கு பாதியே தாராளம். தப்பு என்னன்னா சிக்னல் செத்துப்போன எடத்துல கொண்டுபோயி மாட்டுறாங்க, அதுக்கே சிக்னல் வரலேன்னா அது யாருக்கு எதக் குடுக்கும்? ரெண்டுக்கும் நடுவுல, போன்ல மைனஸ் 60 சொச்சம் காட்டுற எடத்துல மாட்டணும். கரண்டு லைன் வழியா நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர் நம்ம பழைய வீட்டுக்கு வேணாம், முன்பக்கம் ஒரு பேஸ் பின்பக்கம் ஒரு பேஸுன்னு பிரிஞ்சு கெடக்கும், நடுவுல இன்வெர்ட்டர் வேற.

எப்ப ஆள கூப்பிடணும்: செவுத்துல ஓட்ட போடணும்னு வந்துட்டா. முட்டை வெள்ளக்கரு கலந்து தேச்ச பழைய பூச்சு, ட்ரில்லு மிசின தப்பா வச்சா பாளம் பாளமா பேந்துரும், அப்படி ஒரு செவுத்த திரும்பப் பூச ஆள் கெடைக்கிறது குதிரக்கொம்பு. ஏற்கெனவே பழைய ஒயரிங் போன ஓட்ட இருக்கான்னு பாத்து அது வழியா விடுற ஆளா கூப்பிடுங்க.

## ப்ளூடூத்ல மட்டும் கரகரங்குது, கட் ஆகுது

வைஃபைக்கு சொன்ன கணக்கு இதுக்குப் பொருந்தாது. ப்ளூடூத்ல பாட்ட மறுபடி ஒருதரம் சுருக்கித்தான் அனுப்புது, அதனால இங்க தரம் நெசமாவே கொறையலாம்.

மொதல்ல போன பாக்கெட்லேருந்து எடுத்து மேசைல வைங்க. சிரிக்காதீங்க, மனுச ஒடம்புல பாதிக்கு மேல தண்ணி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைய அது உறிஞ்சிரும். போன பின்பாக்கெட்ல வச்சுக்கிட்டு ஸ்பீக்கர பாத்து நின்னா உங்க ஒடம்பேதான் குறுக்க நிக்கிற செவுரு.

சரியாகலயா, கோடெக் பாருங்க, அதாவது பாட்ட சுருக்கி அனுப்புற முறை. ஆண்ட்ராய்டு போன்னா டெவலப்பர் ஆப்ஷன்ஸ்க்குள்ள எது ஓடுதுன்னு காட்டும். எஸ்பிசின்னா அதிகபட்சம் 328 கிலோபிட் பக்கம், எல்டேக்னா 330, 660, 990னு மூணு படி. நெறைய பேரு யூடியூப் வீடியோவ பாத்துட்டு 990ல இறுக்கி வச்சிருவாங்க, அப்புறம் ரூம் தாண்டுனா கரகர. 660ல வைங்க, இல்லன்னா அதுவா மாத்திக்கிற மாதிரி விட்ருங்க. ஐபோன்ல இந்த வேலையே இல்ல, அது ஏஏசி இல்லன்னா எஸ்பிசி, நீங்க ஒண்ணும் தேர்ந்தெடுக்க முடியாது.

பாட்டு ஓடிக்கிட்டே இருந்து திடீர்னு போன்ல பேசுற மாதிரி சன்னமா ஆயிருச்சா? ஏதோ ஒரு ஆப் மைக்க தொறந்திருக்கு. மைக் தொறந்தா ப்ளூடூத் கால் மோடுக்கு தாவிரும், ஸ்டீரியோ போயிரும், பழைய ஸ்பீக்கர்ல 8 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள்தான் ஓடும். வீடியோ கால், கேம், வாய்ஸ் அசிஸ்டென்ட் எல்லாத்தையும் மூடுங்க, லேப்டாப்னா மைக்க லேப்டாப்போட சொந்த மைக்குக்கு மாத்துங்க. இதுக்கு ஒரு ஹெட்செட்ட கடையில திருப்பிக் குடுத்தவரே இருக்காரு, ஒண்ணும் கெடல அதுல.

ஆள் கூப்பிடுற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல. வேற ரெண்டு போன்ல போட்டும் மூணடி தூரத்துலயே கரகரன்னா ஸ்பீக்கர் போர்டு போயிருச்சு, கடைக்கு கொண்டுபோங்க.

## கட் ஆகல, ஆனா சப்புனு இருக்கு

இங்கதான் எல்லாரும் வைஃபைய திட்டுறது. பென்டிரைவ் டெஸ்ட்ல என்ன வந்துச்சுன்னு பாத்துக்கிட்டு படிங்க.

பென்டிரைவ்ல நல்லா இருக்கு, ஸ்ட்ரீமிங்ல சப்புனு இருக்கு: ஆப்போட செட்டிங்ஸ். வைஃபைக்கு தனி, மொபைல் டேட்டாவுக்கு தனியா தரம் வைக்கிற எடம் இருக்கும், "ஆட்டோ"ன்னு இருந்தா அது நெட்ட பாத்து தானா எறக்கிக்கும். டேட்டா சேவர் ஆன்ல இருக்கான்னும் பாருங்க. கோட்டையூர்ல ஒரு ஆச்சி, கேசட்டு காலத்து காது, "இந்த வைஃபை பாட்டு ரசத்துல தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு தம்பி"ன்னாங்க. பேரன் சிங்கப்பூர்லேருந்து வந்தப்ப ஆச்சி ரீசார்ஜ் சீக்கிரம் தீருதேன்னு டேட்டா சேவர போட்டுட்டுப் போயிருக்கான். அத எடுத்து விட்டதும், "இப்பத்தான் மிருதங்கம் தெரியுது"ன்னாங்க. ஆச்சி காது தப்பில்ல, கைகாட்டுன எடந்தான் தப்பு. சத்தத்த எல்லா பாட்டுக்கும் சமமாக்குற நார்மலைசேஷன்னு ஒண்ணும் உள்ள இருக்கும், அதையும் நிறுத்திக் கேட்டுப் பாருங்க.

யூடியூப்ல கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்த. யாரோ பழைய கேசட்டுலேருந்து ஏத்தி வச்ச பாட்டுக்கு 4கேன்னு போட்டிருந்தாலும் அது படத்துக்குத்தான், சத்தத்துக்கு இல்ல.

பென்டிரைவ்லயும் சப்புனு இருக்கு, பேஸே இல்ல: ஒரு ஸ்பீக்கர் ஒயர் மாறிக் கெடக்கலாம், செவப்பு கருப்புல, கருப்பு செவப்புல. ரெண்டு ஸ்பீக்கரும் எதிரும் புதிருமா அசைஞ்சு பேஸ ஒண்ண ஒண்ணு தின்னுரும். ஆம்ப ஆஃப் பண்ணிட்டு ஒரே ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ரெண்டு ஒயரையும் மாத்திச் சொருகி கேளுங்க. பெயின்ட் அடிக்க ஸ்பீக்கர கழட்டி மாட்டுன வீட்டுல இது சர்வசாதாரணம்.

கொழகொழன்னு, எதிரொலியோட கேக்குது: வளவு நடுவுல நின்னு ஒரே ஒரு தரம் ஓங்கி கைதட்டுங்க. தட்டுன சத்தம் "டட்டட்டட்"னு செவுத்துக்கு செவுரு தாவி அடங்குதா? கீழ ஆத்தங்குடி கல்லு, சுத்தி பளபளன்னு தேச்ச செவுரு, மேல ஒசரமான கூரை, சத்தத்த உறிஞ்ச ஒண்ணுமே இல்ல. இங்க எந்த கம்பெனி ஸ்பீக்கர் வச்சாலும் கல்யாண மண்டபம்தான். கல்யாணத்துக்கு விரிப்பீங்கல்ல அந்த பெரிய ஜமுக்காளம், அத ஸ்பீக்கருக்கும் நீங்க உக்காருற எடத்துக்கும் நடுவுல விரிச்சுட்டு மறுபடி தட்டிப் பாருங்க. ஸ்பீக்கர மூலைலேருந்தும் செவுத்து மாடத்துலேருந்தும் எடுத்து ரெண்டடி முன்னாடி வைங்க, "டொம் டொம்"ங்குறது பாதி கொறையும். எதுவும் ஆகலன்னா வளவுல கேக்குறத விட்டுட்டு, துணி பீரோவும் மெத்தையும் இருக்குற ரூமுக்கு மாத்துங்க, நான் பல பேருக்கு கடைசில இதத்தான் சொல்றேன்.

வைஃபைய எடுத்துட்டு லேன் ஒயர் போட்டா சத்தம் தெளிவாகுமா? சென்னைலேருந்து லீவுக்கு வந்த ஒரு அண்ணன் ஆகும்னு அடிச்சு சொன்னாரு. மீட்டர் கணக்குல வெல போட்ட ஒயர கொண்டாந்திருந்தாரு. சரின்னு பந்தயம் வச்சோம், தோத்தவர் வீட்டுல கவுனி அரிசி. அவர் பட்டாலைல கண்ண மூடி உக்காந்தாரு, நான் கதவுக்கு பின்னாடி நின்னு நாணயம் சுண்டி ஒருதரம் வைஃபை ஒருதரம் லேன்னு மாத்திக்கிட்டே இருந்தேன், சத்த அளவ தொடல. பத்துல அஞ்சு சரியா சொன்னாரு, நாணயத்த கேட்டிருந்தா அதுவும் அஞ்சு சொல்லியிருக்கும். கவுனி அரிசி நல்லா இருந்துச்சு. லேன் ஒயருக்கு நான் எதிரி இல்ல, கட் ஆகாம இருக்க அதவிட நல்லது கெடையாது, ஆனா கட் ஆகாத வீட்டுல அது சத்தத்துக்கு ஒண்ணும் சேக்காது. சாதா கேட் 6 போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, நேர்மையா சொல்லிரணும். ரூட்டர ஆம்ப் தலமேலயே வச்சா, மட்டமான ஆம்ப்ன்னா ரேடியோ அலையும் அடாப்டர் இரைச்சலும் உள்ள பூந்து மெல்லிசா ஒரு இழுவை கேக்கும். ரெண்டு மீட்டர் தள்ளி வைங்க, போயிரும்.

எப்ப ஆள கூப்பிடணும்: ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மின்னு இருந்து, இடது வலது ஸ்பீக்கர மாத்திப் போட்டதும் கொறை கூடவே எடம் மாறுனா ஸ்பீக்கர் கோன் போயிருக்கு. மாறாம அதே பக்கம் நின்னா ஆம்ப். ஆம்ப நீங்க தொறக்காதீங்க, கரண்ட ஆஃப் பண்ணுனாலும் உள்ள இருக்குற கெப்பாசிட்டர் அடிக்கும்.

## உர்ர்ர்னு இரைச்சல் வருது

பாட்டு ஓடலேன்னாலும் உர்ருங்குதா? வைஃபைய ஆஃப் பண்ணுங்க, அப்பவும் இருக்கும், இருந்தே தீரும். அது நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ்.

ஆம்புக்கு வர்ற எல்லா ஒயரையும் பிடுங்கிட்டு வெறும் ஆம்ப மட்டும் போடுங்க. இரைச்சல் இருந்துச்சுன்னா கொறை ஆம்ப்லயோ பிளக்பாயின்ட்லயோ இருக்கு. இரைச்சல் நின்னுருச்சுன்னா ஒவ்வொண்ணா சொருகிக்கிட்டே வாங்க, எது சொருகுனதும் வருதோ அதுதான் குத்தவாளி. நூத்துக்கு பாதி டிஷ் ஒயர். மாடில டிஷ்ஷு, அங்கேருந்து வர்ற ஒயர் வழியா எர்த்து ஒரு சுத்து சுத்தி வரும். செட்டாப் பாக்ஸ்லேருந்து டிஷ் ஒயர கழட்டுனதும் கப்புனு நின்னா அதான். கடையில ஆடியோ ஐசொலேட்டர்னு சின்ன டப்பா விக்கிது, ஆக்ஸ் ஒயருக்கு நடுவுல போட்டா போதும். லேன் ஒயர சொருகுனதும் வந்தா, அது உலோகக் கவசம் போட்ட ஒசத்தி ஒயரான்னு பாருங்க, சாதா ஒயரா மாத்துங்க, ஒசத்தி ஒயர் வாங்கி இரைச்சல வாங்குனவங்க இருக்காங்க.

கரண்டு போயி இன்வெர்ட்டர் ஓடுறப்ப மட்டும் இரைஞ்சா, இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் ரகம். ஆம்ப் அதுல ஓடவே வேணாம், இல்ல அடுத்ததா வாங்குறப்ப சைன் வேவா வாங்குங்க.

இரைச்சல நிறுத்த சில பேரு மூணாவது பின்ன வெட்டி விடுவாங்க. இரைச்சல் நிக்கும், எவனாவது ஒருநாள் ஈரக் கையோட ஆம்ப தொட்டா அவனும் நிப்பான். செய்யாதீங்க.

ஆள கூப்பிட வேண்டியது: ஆம்ப் மூடிய தொட்டா சுருக்குனு கிர்ர்ருங்குது, இல்ல வீட்டுல இன்னும் மரச்சட்டத்துல ஒயர் ஓடுது. அன்னைக்கே எலக்ட்ரீசியன வரச் சொல்லுங்க. மூணு ஓட்ட உள்ள பிளக்பாயின்ட் இருக்குறதால எர்த்து இருக்குன்னு அர்த்தமில்ல, நான் தொறந்து பாத்த பழைய வீடுகள்ல மேல் ஓட்டைக்கு ஒயரே வராம சும்மா நிக்குற பாயின்ட் எத்தனையோ. அவர் மீட்டர வச்சு பேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வருதா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கான்னு பாக்கட்டும். எர்த்து குழில தண்ணி ஊத்தி எத்தன வருசம் ஆச்சுன்னும் கேப்பாரு, பதில் ரெடியா வச்சுக்கங்க.

## டிட்-டிட்-டிர்ர்ருனு அப்பப்ப வருது

போன் மணி அடிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி வருதா? பழைய 2ஜி சிக்னல். பட்டன் போன ஆம்ப் மேலேருந்து எடுத்து தள்ளி வைங்க. முடிஞ்சது.

## ரெண்டு ஸ்பீக்கரும் முன்ன பின்ன பாடுது

டிவில வாய் அசைஞ்ச பெறகு பேச்சு வருதுன்னா ப்ளூடூத்ல மாட்டியிருப்பீங்க, அது சாதாரணமா 150லேருந்து 250 மில்லிசெகண்டு தாமதம். எச்டிஎம்ஐ ஏஆர்சி இல்லன்னா ஆப்டிகல் ஒயர்ல மாட்டுங்க.

ரெண்டு வைஃபை ஸ்பீக்கர் முன்ன பின்ன ஓடுனா, ரெண்டையும் ஆப்ல ஒரே குரூப்பா போட்டிருக்கீங்களான்னு பாருங்க, வேற வேற கம்பெனின்னா பல நேரம் ஒண்ணு சேராது. ஒரே கம்பெனி, ஒரே குரூப், ஆனாலும் முகப்புல ஒண்ணு ரெண்டாங்கட்டுல ஒண்ணுன்னு வச்சா எதிரொலிக்குதுன்னு ஒருத்தர் ரூட்டரையே மாத்திட்டாரு. ரூட்டர் என்ன பண்ணும்? சத்தம் ஒரு நொடிக்கு 340 மீட்டர் பக்கம்தான் போகும். அந்த வீட்டுல ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல எட்டு வச்சு அளந்தேன், 34 மீட்டர் கிட்ட. ஒரு ஸ்பீக்கர் பக்கத்துல நின்னா மத்தது ஒரு நொடில பத்துல ஒரு பங்கு லேட்டாத்தான் காதுக்கு வரும், எவ்ளோ துல்லியமா ஒண்ணா பாடுனாலும். தூரத்து ஸ்பீக்கர் சத்தத்த கொறைங்க, இல்ல நடுவுல இருக்குற நெலக்கதவ சாத்துங்க.

சவுண்ட்பார் கூட வந்த வயர்லெஸ் சப்வூஃபர் அப்பப்ப செத்து செத்து பொழைச்சா அத இரும்பு பீரோவுக்கு பின்னாடிலேருந்து வெளிய எடுங்க, மறுபடி பேர் பண்ணுங்க.

## ஸ்பீக்கரே போன்ல காட்ட மாட்டேங்குது

மாசத்துக்கு ஒருநாள் மெயின்டனன்சுன்னு காலைல கரண்ட நிறுத்துவாங்கல்ல, அன்னைக்கு சாயங்காலம் எனக்கு வரிசையா போன் வரும், எல்லாம் இதுதான். கரண்டு வந்ததும் ஸ்பீக்கர் சட்டுனு எழுந்திரிச்சிரும், ரூட்டருக்கு ரெண்டு மூணு நிமிசம் ஆகும், எழுந்திரிச்ச ஸ்பீக்கர் நெட்ட தேடிப் பாத்துட்டு சும்மா உக்காந்துக்கும். அஞ்சு நிமிசம் கழிச்சு ஸ்பீக்கர மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. ரூட்டருக்கு சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கிட்டா இன்னும் நல்லது.

அப்பவும் காணோமா, போனும் ஸ்பீக்கரும் ஒரே நெட்வொர்க்ல இருக்கான்னு பாருங்க. கெஸ்ட் வைஃபைல போன் இருந்தா ஸ்பீக்கர் தெரியாது, போன்ல விபிஎன் ஓடுனாலும் தெரியாது. இங்க இன்னொரு கூத்து உண்டு. பங்காளிங்க சேந்து இருக்குற வீட்டுல முன்கட்டுக்காரர் ஒரு ரூட்டர், பின்கட்டுக்காரர் அந்த ரூட்டர்லேருந்தே ஒயர் இழுத்து இன்னொரு ரூட்டர்னு போட்டிருப்பாங்க. ரெண்டுக்கும் பேரும் பாஸ்வேர்டும் ஒண்ணுதான், ஆனா உள்ளுக்குள்ள ரெண்டும் தனித்தனி நெட்வொர்க். போன் முன்கட்டு ரூட்டர்ல, ஸ்பீக்கர் பின்கட்டு ரூட்டர்ல, ஒண்ணுக்கொண்ணு மொகம் பாக்காது. ரெண்டாவது ரூட்டர அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துனா தீந்தது. அந்த செட்டிங் பக்கத்த தொறந்து பாத்து தல சுத்துனா அங்கேயே நிறுத்திட்டு ஆள கூப்பிடுங்க, தெரியாம ரீசெட் பட்டன அமுக்கிட்டா கம்பெனி குடுத்த லாகின் அழிஞ்சு வீட்டுக்கே நெட் இருக்காது.

போன் போடுறப்ப "நல்லால்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எந்த ரூம், எத்தன மணி, அப்ப கரண்டா இன்வெர்ட்டரா, பென்டிரைவ் டெஸ்ட்ல என்ன வந்துச்சு, இந்த நாலையும் ஒரு துண்டுச் சீட்டுல குறிச்சு வச்சுக்கிட்டு போடுங்க. பாதி நேரம் நான் வண்டிய எடுக்கவே வேண்டியிருக்காது.